பெட்டி போய்ச் சேரும் நாள்

ஈபேயில் புதிதாக ஏலம் விட வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் என் வீட்டுக் கராஜில் பழைய கேமராக்களைச் சரிபார்த்து விற்று வருகிறேன். இருபது கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டேன். ஈபே தொடங்கிய 1995-இல் முதலில் விலைபோனது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. ஆக, எந்தப் பொருளுக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார். பண்டிகைக் காலத்தில் அந்த ஆள் கூடுதலாக ஒன்று கேட்கிறார்: “25-ஆம் தேதிக்கு முன்னால் கைக்கு வந்துவிடுமா?” இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்களே இந்தக் காலத்தில் நன்றாக விற்கிறார்கள். நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். அஞ்சல் துறையின் கிரவுண்ட் அட்வான்டேஜ் சேவைக்கு 2 முதல் 5 வேலைநாள். நடுவில் ஞாயிறு வரும், நெரிசலும் வரும். பெட்டி கட்ட ஒரு நாள். ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால், விற்பனையை ரத்து செய்ய 4 நாள் பொறுக்க வேண்டும். கூட்டினால் இரண்டு வாரம். ஆகவே உங்கள் கடைசி ஏலம் டிசம்பர் 10-க்குள் முடிந்துவிடட்டும். அதற்குப் பிறகு ஏலத்துக்குப் பதிலாக நிலைவிலை போடுங்கள். உடனே பணம் கட்டினால்தான் பொருள் என்று அமைத்துவிடுங்கள்.

2. ஏலம் முடியும் நேரம்தான் விலை. நீங்கள் எந்த நேரத்தில் பட்டியலிடுகிறீர்களோ, அதே நேரத்தில்தான் ஏலம் முடியும். கடைசி நிமிடத்தில்தான் பலர் விலை கேட்பார்கள். என் இரண்டாம் ஆண்டில் ஒரு நல்ல லென்ஸை வியாழன் மாலை பட்டியலிட்டேன். ஏலம் முடியும் ஏழாம் நாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்பதைக் காலண்டரில் பார்க்கவில்லை. ஊரே சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, இரண்டே பேர் கேட்டு, பாதி விலைக்குப் போய்விட்டது. இப்போது வியாழன் இரவு 9 மணிக்கு 10 நாள் ஏலம் விடுகிறேன். இரண்டு வார இறுதிகள் கிடைக்கின்றன. ஞாயிறு இரவு 9-க்கு முடிகிறது. அப்போது மேற்குக் கரையில் மாலை 6. இரு கரையிலும் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

3. இரண்டு பேர் விரும்பும் பொருளை மட்டும் ஏலம் விடுங்கள். ஒருவர் 60 டாலர் வரை தரத் தயார், அடுத்தவர் 45 வரை என்றால், பொருள் 46-க்கு முடியும். விலையைத் தீர்மானிப்பவர் தோற்றவர்தான். பலர் தேடும் பொருளைத் துணிந்து குறைந்த விலையில் தொடங்கலாம். ஒரே ஒருவர் தேடக்கூடிய அபூர்வப் பொருளுக்கு நிலைவிலையே பாதுகாப்பு.

4. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். விற்காமல் கிடக்கும் பட்டியலில் உள்ள விலை, விற்பவரின் ஆசை. ‘விற்றவை’ என்று வடிகட்டினால் உண்மை தெரியும். ஈபேயின் கட்டணம் அஞ்சல் செலவையும் விற்பனை வரியையும் சேர்த்த மொத்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது. அதைக் கழித்துவிட்டு லாபம் பாருங்கள்.

5. தலைப்பில் 80 எழுத்துகள்தான் இடம். ‘அருமை’, ‘அபூர்வம்’ என்று எவரும் தேடுவதில்லை. நிறுவனம், மாடல் எண், நிறம், இயங்குகிறதா என்பதை எழுதுங்கள்.

6. பரிசைப் பிரிப்பவரை நினைத்து எழுதுங்கள். போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவுக்குத் தனியாக பேட்டரி கிடையாது; ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபிலிம் இல்லாமல் அனுப்பினால், கிறிஸ்துமஸ் காலையில் ஒரு பிள்ளை பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்கும். இதை விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுகிறேன். முடிந்தால் ஒரு ஃபிலிம் பெட்டியும் சேர்த்து வைக்கிறேன். தோல் உரிந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிப் படம் எடுக்கிறேன். குறையை முன்கூட்டியே பார்த்தவர் பொருளைத் திருப்பி அனுப்புவது அரிது.

7. பெட்டியைக் கட்டியதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். ஆர்டரில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். வேறு வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தனியாகச் செய்தி வந்தால், ரத்து செய்துவிட்டுச் சரியான முகவரியுடன் மறுபடி வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெட்டி தொலையும்போது உங்களுக்குப் பாதுகாப்பு இருக்காது.

8. முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். டிசம்பர் 21 இரவு ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “பேரனுக்கு. வந்துவிடுமா?” “உறுதி சொல்ல முடியாதம்மா, பக்கத்துக் கடையில் வேறு ஏதாவது பாருங்கள்” என்று எழுதினேன். அன்று ஒரு விற்பனை போனது. பிப்ரவரியில் பேரனின் பிறந்தநாளுக்கு அதே அம்மா வந்து கேமராவை வாங்கினார்.

9. 26-ஆம் தேதி கடையை மூடாதீர்கள். பரிசாகக் கேமரா கிடைத்தவர்கள் பையும் லென்ஸும் தேடுவார்கள். பரிசு அட்டை கிடைத்தவர்கள் செலவழிக்க வருவார்கள். நான் உதிரிச் சரக்கில் ஒரு பங்கை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பேன்.

இன்றே ஒரு சுவர்க் காலண்டர் வாங்கி, டிசம்பர் 10-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுங்கள். மற்ற வேலைகள் அங்கிருந்து தானாக வரிசைக்கு வரும்.