கால் வைக்கும் இடத்தில் மனசும் இருக்கட்டும்



ஒரு மழைக்கால மாலை. கொழுந்து நிறுக்கும் நேரம். ஒரு அக்கா நிறைந்த கூடையோடு மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கி வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த கூட்டாளியிடம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டே கானைத் தாண்டினார். கான் ஓரத்துக் கல்லில் பாசி. கால் சறுக்கியது. கூடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் மலைக்குப் போக முடியவில்லை. மூன்று மாதமும் பேர் இல்லை. அடகுக் கடைக்குத் தோடு போனது. மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டு வேலை பார்த்தாள். விழுந்தது ஒரு விநாடி. அந்தக் குடும்பம் எழுந்திருக்க ஒரு வருசம் பிடித்தது.

நாங்கள் லயத்துக்குப் போய்ப் பார்த்தபோது அந்த அக்கா சொன்னார்: "இறங்குற வழி எனக்குப் புதுசா? இருபது வருசமா இறங்குற வழிங்க. அன்னைக்குக் கால் ஒரு பக்கம் போச்சு, நெனப்பு ஒரு பக்கம் போச்சு."

இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது. காலுக்குப் பலம் மட்டும் போதாது. கால் எங்கே இருக்கிறது என்று மனசுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ளலாம். காசு செலவில்லை, கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போதும்.

நடக்கத் தெரியாதவர்களா நாம்?

ஒரு தோட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு அம்மாயி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எழுபது வருசமா ஏத்தம் எறக்கம் நடந்தவ நான். எனக்கு வந்து நடக்கச் சொல்லித் தாறீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம்முடைய முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். அந்த 200 வருசத்தை நினைத்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் போனார்கள். நடை நமக்குப் புதிதல்ல.

ஆனால் பழகிய வழியில்தான் நாம் கவனத்தை விடுகிறோம். வயது ஏற ஏற, கவனம் விட்ட கால் தானாகச் சமாளிக்கும் சக்தியும் குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் ஒரு வருசத்தில் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். இவர்களில் அதிகமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். மலையில் மட்டும் இல்லை. இஸ்தோப்புப் படியிலும், பீலிக்கரையிலும், இரவில் கக்கூசுக்குப் போகிற வழியிலும் விழுகிறோம்.

உடம்பின் மூன்று காவல்காரர்கள்

நாம் விழாமல் நிற்பதற்கு உடம்புக்குள் மூன்று காவல்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, கண். மேடு எது, பள்ளம் எது என்று முன்கூட்டியே சொல்கிறது. பனிமூட்டத்திலும் மங்கல் வெளிச்சத்திலும் இந்தக் காவல் குறைகிறது.

இரண்டாவது, காது. கேட்பதற்கு மட்டும்தான் காது என்று நினைக்கிறோம். உட்காதில் நீர் நிறைந்த சிறிய குழாய்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால், திரும்பினால் அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இராட்டினத்தில் சுற்றி இறங்கினால் தலை சுற்றுவது இதனால்தான்.

மூன்றாவது, பாதமும் மூட்டுகளும். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? அந்த உணர்வு தோல், தசை, மூட்டு எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. குளிரில் விறைத்த கால், சீனி வருத்தத்தால் மரத்துப்போன பாதம், தேய்ந்த செருப்பு, இவை எல்லாம் இந்தக் காவல்காரனைத் தூங்க வைக்கின்றன.

மூன்று பேரும் சொல்வதைச் சேர்த்துப் பார்ப்பது மூளை. மூளை வேறு வேலையில் இருந்தால்? 1997ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வயதானவர்கள் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் நடந்தபடியே பதில் சொன்னார்கள். சிலர் நின்றுதான் பதில் சொன்னார்கள். நின்று பதில் சொன்னவர்களில் பெரும்பாலானோர் அடுத்த 6 மாதத்துக்குள் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் அவர்களுடைய மூளைக்குப் பாரமாகிவிட்டது என்பதே அதன் அர்த்தம். இன்றைக்கு நம் பிள்ளைகள் கைபேசியில் பேசிக்கொண்டே குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். இளங்கால் என்றாலும் பாசிக் கல்லுக்கு அது தெரியாது.

பழகினால் பலன் உண்டா?

உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2019ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. 23,000க்கும் அதிகமானோர் அதில் அடங்குவர். உடற்பயிற்சி செய்தவர்களிடையே விழுதல் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. சமநிலைக்கான பயிற்சிகள் அதில் முக்கிய இடம் பெற்றன.

மெதுவாக, கவனித்து நடப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. இலங்கையின் பௌத்த ஆரணியங்களில் பிக்குமார் ஒரு சிறிய நடைபாதையில் முன்னும் பின்னும் மெதுவாக நடப்பார்கள். சக்மன் என்று அதைச் சொல்வார்கள். அது அவர்களுடைய தியானம். ஒவ்வொரு அடியையும் கவனிக்கும் முறையை நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சமயத்தவருக்கும் கால் ஒன்றுதான்.

வெளிநாட்டிலும் ஒருவர் இதே வழிக்கு வந்தார். மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) ஒரு பௌதிக விஞ்ஞானி. அவருடைய முழங்கால் பழுதாகிவிட்டது. தன் உடம்பு எப்படி அசைகிறது என்று மெதுவாக, சின்னச் சின்ன அசைவாகக் கவனித்துக் கவனித்து நடையைத் திருத்திக்கொண்டார். பிறகு அதையே மற்றவர்களுக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய பாடத்தில் முக்கியம், வலி வரும் வரை இழுக்காதே, சுகமாகச் செய், செய்யும்போது கவனி என்பதாகும்.

இனி நம்முடைய பாடம்

இடம்: இஸ்தோப்பு, வாசல், அல்லது பெரட்டுக் களம். தரை மட்டமாகவும் காய்ந்தும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சுவர் இருக்கட்டும். முதலில் கூடை வேண்டாம், கையில் பிள்ளை வேண்டாம். வயதானவர்கள் ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. படுத்துக் கவனித்தல். வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு பாயில் மல்லாந்து படுங்கள். எந்தக் குதிகால் நிலத்தில் அதிகமாக அழுத்துகிறது? இடுப்பின் எந்தப் பக்கம் பாரம்? ஒன்றையும் திருத்த வேண்டாம், பாருங்கள் போதும். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களை நிலத்தில் ஊன்றி, முழங்கால்களை ஒரு சாண் அளவு வலது பக்கமும் இடது பக்கமும் மெதுவாகச் சாயுங்கள். பத்துத் தடவை. நாள் முழுவதும் கூடை சுமந்த முதுகுக்கும் இது நல்லது.

2. நின்று கவனித்தல். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். உடம்பை மிக மெதுவாக முன்னே சாயுங்கள். பாரம் விரலுக்குப் போகும். பின்னே சாயுங்கள், குதிகாலுக்கு வரும். நடுவில் ஓரிடத்தில் பாதம் முழுவதும் சமமாக ஊன்றும். அதுதான் உங்கள் நடு இடம். அதைக் காலுக்குக் காட்டிக் கொடுங்கள்.

3. பாரம் மாற்றுதல். சுவரில் ஒரு கை. உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோங்கள். இடது குதிகால் தானாக இலேசாகும். அதை மட்டும் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு மறு பக்கம். நடை என்பது இந்தப் பாரம் மாறுவதுதான். சறுக்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான், பாதம் உறுதியாக ஊன்று முன்னே பாரத்தைப் போட்டுவிடுகிறோம்.

4. மெதுவான நடை. பத்து அடி தூரம் போதும். தூக்கு, நகர்த்து, வை, பாரம் மாற்று. இந்த நாலையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடங்கள். பார்வை இரண்டு மூன்று அடி முன்னால் இருக்கட்டும். பேச்சு வேண்டாம். சம்பளம், கடன், சமையல் என்று மனசு எங்கேயாவது ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்தவுடன் திட்டாமல் திரும்பப் பாதத்துக்குக் கூட்டி வாருங்கள். அப்படிக் கூட்டி வருவதுதான் பயிற்சி.

5. கோட்டு நடை. சுவர் ஓரமாக, ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மறு பாதத்தின் குதிகாலை வைத்து, கோடு போட்ட மாதிரி எட்டு அடி நடங்கள். ஆடினால் சுவரைப் பிடியுங்கள், வெட்கமில்லை.

மலையில் இறங்கும்போது

களத்தில் பழகியதை மலைக்குக் கொண்டுபோக வேண்டும். கூடை முதுகில் தொங்கும்போது பாரம் நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. அதற்கு ஈடாக உடம்பு முன்னே சாய்கிறது. நனைந்த கொழுந்து என்றால் இழுப்பு இன்னும் கூடும். இறங்கும்போது எட்டு எடுத்து வைத்தால் குதிகால் முதலில் பட்டு, பாதம் முன்னே வழுக்கும். ஆகையால் சிறிய அடி வையுங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். பாதத்தை முழுமையாக ஊன்றி, உறுதி தெரிந்த பிறகே பாரத்தை மாற்றுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, குறுக்காக இறங்குங்கள். கான் தாண்டும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள். பேச்சு வந்தால் நின்று பேசுங்கள்.

"நிறுவைக்கு நேரமாகுதே, இப்படி நடந்தா முடியுமா?" என்று கேட்பீர்கள். மலை முழுவதும் மெதுவாக நடக்கச் சொல்லவில்லை. சறுக்கும் என்று தெரிந்த நாலைந்து இடத்தில் மட்டும் கவனத்தைக் காலில் வையுங்கள். களத்தில் பழகிய கால் அதைத் தானாகச் செய்யத் தொடங்கும்.

எல்லாப் பழியும் காலுக்கு அல்ல

உடைந்த படி, பாசி பிடித்த பாலம், விளக்கில்லாத பாதை, இவற்றில் விழுந்தவரைப் பார்த்து "கவனமில்லாமல் நடந்தாய்" என்று சொல்வது நியாயமில்லை. அப்படிப்பட்ட இடங்களை லயத்தார் ஒன்றுசேர்ந்து குறித்து, தலைவர் மூலமாகவும் நலன்புரி உத்தியோகத்தர் மூலமாகவும் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கவனம் நம் பொறுப்பு. பாதுகாப்பான பாதை தோட்டத்தின் பொறுப்பு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதல்ல.

இன்னொன்று. எழுந்தவுடன் தலை சுற்றினால், அடிக்கடி விழுந்தால், பாதம் மரத்திருந்தால், கண் மங்கினால், பயிற்சியை நம்பி இருக்க வேண்டாம். இரத்தச்சோகை, பிரஷர், சீனி வருத்தம், கண்ணில் வெண்புரை எதுவாகவும் இருக்கலாம். பிரஷருக்கும் தூக்கத்துக்கும் எடுக்கிற குளிசைகளாலும் தள்ளாட்டம் வரும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். சாராயம் குடித்த காலுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. விழுந்தவரால் காலை ஊன்ற முடியவில்லை என்றால் இழுத்துத் தூக்காதீர்கள்; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சிரித்த அந்த அம்மாயியைப் பிறகு ஒரு நாள் பார்த்தோம். இஸ்தோப்பில் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டு நடை நடந்துகொண்டிருந்தார். "எழுபது வருசமா இந்தக் கால் என்னைத் தூக்கிட்டுத் திரிஞ்சிச்சு. ஒரு நாள்கூட அதை நான் பாத்ததில்லீங்க" என்றார். பேத்தி, "அம்மாயி, பேசாம நடங்க" என்று அதட்டினாள். பாடம் அவளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

வீட்டில் கூடிப் பேசிப் பார்க்க:

1. நம் லயத்தைச் சுற்றி அடிக்கடி சறுக்கும் மூன்று இடங்கள் எவை? அவற்றை யாரிடம் சொல்வது?

2. நம் வீட்டில் கடைசியாக விழுந்தவர் யார்? அப்போது அவருடைய மனசு எங்கே இருந்தது?

3. வயதானவர்கள் பயிற்சி செய்யும்போது யார் துணைக்கு நிற்பது? எந்த நேரத்தில் செய்வது?