கொல்கத்தாவில் கேக் தேடிப் போகிறவர்களுக்கு

கொல்கத்தாவுக்குப் போகிற நம் ஆட்கள் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம் என்று பார்த்துவிட்டு, ஒரு டின் ரசகுல்லாவோடு ரயிலேறிவிடுகிறார்கள். ரசகுல்லாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் பேக்கரிகளுக்கென்று ஒரு முழு நாளாவது ஒதுக்காமல் திரும்புவது பெரிய நஷ்டம். கேக் தின்பதற்கென்றே டிக்கெட் எடுத்துப் போகலாம் என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய இந்திய நகரம் அது ஒன்றுதான்.

காரணம், அந்த அடுப்புகளை மூட்டியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பாக்தாதிலிருந்து வந்த யூதர் ஒருவர், ஒரு சுவிஸ் தம்பதி, ஒரு கோவா குடும்பம், சிட்டகாங் பக்கத்து பௌத்தர்கள், நக்கோடா மசூதியைச் சுற்றியுள்ள ரொட்டிக்காரர்கள். அவரவர் கைப்பக்குவம் இன்றும் தனித்தனியாக இருக்கிறது. எல்லாம் நகரின் நடுவில், சில கிலோமீட்டருக்குள்ளேயே கிடைக்கிறது.

போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். க்ரீம் பூசி, ரோஜாப்பூ வைத்து, மேலே பெயர் எழுதிய கேக்கை அங்கே கேட்காதீர்கள். அது எந்த ஊரிலும் கிடைக்கும். கொல்கத்தாவின் நல்ல கேக் பார்வைக்குச் சாதுவானது. பழுப்பு நிறம், தட்டையான தலை, அலங்காரம் கிடையாது. கையில் எடுத்தால்தான் கனம் தெரியும்.

முதலில் நாகூம். நியூ மார்க்கெட்டுக்குள் எஃப் 20ஆம் எண் கடை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நாகூம் இஸ்ரேல் மொர்தெக்காய் 1902ல் தொழிலைத் தொடங்கியபோது கடை கிடையாது, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். 1916ல்தான் மார்க்கெட்டுக்குள் இந்த இடம் வந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கொல்கத்தா யூதர்களில் இன்று எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லாவுக்குப் பின்னால் நின்று கடையின் முகமாகவே ஆகிப்போன டேவிட் நாகூமும் 2013ல் காலமாகிவிட்டார். கடை மட்டும் பழைய மரமும் கண்ணாடி அலமாரிகளுமாக அப்படியே இருக்கிறது. உட்கார நாற்காலி இல்லை. வாங்க வேண்டும், வெளியே வந்து நின்றபடியே தின்ன வேண்டும்.

பிளம் கேக்கை வாங்கிய கையோடு ஒரு துண்டு வெட்டச் சொல்லுங்கள். கத்தி இறங்கும்போதே தெரிந்துவிடும். நம் ஊர் கடைகளில் கிறிஸ்துமஸுக்கு விற்கிற பிளம் கேக் தொட்டால் பொலபொலவென்று உதிரும். இது உதிராது. வெட்டிய முகத்தில் மாவைவிடப் பழம்தான் அதிகம் தெரியும். உலர்திராட்சை கறுத்து, செர்ரி கண்ணாடியாக மின்னி, விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். வாயில் போட்டதும் இனிப்பு தெரியாது. முதலில் வெண்ணெய், பிறகு பட்டை கிராம்பு வாசனை, கடைசியில்தான் சர்க்கரை. இந்த வரிசையில் ருசி வருகிற கேக்கை நான் வேறெங்கும் தின்றதில்லை. லெமன் டார்ட்டையும் விடாதீர்கள். சீஸ் சமோசா என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து நம் முக்கோண சமோசா என்று நினைக்க வேண்டாம். பாக்தாத் யூதர்கள் கொண்டுவந்த சம்பூசக் அது. உள்ளே உப்புப் பாலாடைக்கட்டி, வெளியே மெல்லிய மாவு. காலை பத்து, பத்தரைக்குள் போனால் சூடு ஆறுமுன் கிடைக்கும்.

டிசம்பர் 20க்கு மேல் இந்தக் கடைக்குப் போகவே போகாதீர்கள். ஊரே வரிசையில் நிற்கும், அந்த வரிசை மார்க்கெட்டைச் சுற்றி வளைந்து போகும். டிசம்பர் முதல் வாரமோ ஜனவரியோ போனால் அதே கேக், நிம்மதியாக.

நியூ மார்க்கெட் கூடைக்காரர்களைப் பற்றியும் எச்சரித்தே ஆக வேண்டும். 1874ல் திறந்த பெரிய மார்க்கெட் அது, உள்ளே நுழைந்தால் திசை குழம்பும். அந்தக் குழப்பத்தை நம்பி வாசலிலேயே சிலர் வட்டமான பிரப்பங்கூடையோடு நிற்பார்கள். சாமான் தூக்குவது அவர்கள் தொழில், அதில் ஒரு தவறும் இல்லை, நாணயமானவர்களும் நிறைய உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் வேறு ரகம். பெரியம்மாவோடு லிண்ட்சே தெரு வாசலில் நின்று நாகூம் எங்கே என்று கேட்டதுதான் தாமதம், "ஆயியே மாதாஜி" என்று பெரியம்மாவின் தோள்பையை வாங்கித் தன் கூடையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் ஒரு சால்வைக் கடை. பிறகு ஒரு புடவைக் கடை. பிறகு தோல்பை. ஒவ்வொரு இடத்திலும் "ஐந்து நிமிடம்" என்றார். முழங்கால் வலிக்காரப் பெரியம்மா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். கடைசியில் ஏதோ ஒரு கேக் கடை முன்னால் நிறுத்தி, இதுதான் நாகூம் என்றார். பெரியம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். நிமிர்ந்து பலகையைப் படித்துவிட்டு, "ஏன்டா, இங்க பேரே வேற போட்டிருக்கு, பாரு" என்றார். அதற்குப் பிறகும் கூடையைக் கீழே வைக்க மாட்டேன், காசு கொடு என்று அடம். சுற்றியிருந்த கடைக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, எல்லோருக்கும் கமிஷன் போகிறது. வயதான பெண்மணியின் பையைப் பணயமாக வைத்துப் பணம் பறிக்கிற அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

ஆகவே பையைத் தோளைவிட்டு இறக்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் "லாக்பே நா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வேண்டாம் என்று வங்காளியில் சொன்னால் பாதிப் பேர் விலகிவிடுகிறார்கள். வழி கேட்பதானால் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற கடைக்காரரிடம் கேளுங்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் பார்க் தெரு. ஃப்ளூரிஸ் 1927ல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய தேநீர்க்கடை, 1965ல் ஏபிஜே குழுமத்தின் கைக்குப் போனது. இங்கே கேக் பெட்டி வாங்க வேண்டியதில்லை, அதற்கு நாகூம் இருக்கிறது. காலையில் போய்ப் பெரிய கண்ணாடி ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். டோஸ்ட், முட்டை, ஒரு பானை டார்ஜிலிங் தேநீர், முடிக்கும்போது ரம் பாபா. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த பன்னை ரம் கலந்த பாகில் ஊறவைத்தது அது. கரண்டியை அழுத்தினால் பாகு கசியும். விலை அதிகம்தான், உட்காரும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதே தெருவில் இருக்கும் டிரிங்காஸும் சுவிஸ்காரர் ஒருவரின் தேநீர்க்கடையாகப் பிறந்ததுதான். நம் மவுண்ட் ரோடு கிளப் ஒன்றில் பாடத் தொடங்கிய உஷா உதுப், காஞ்சிபுரம் புடவையோடு மேடையேறிக் கொல்கத்தாவையே தன் ஊராக்கிக்கொண்டது அந்த டிரிங்காஸில்தான். பேக்கரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் அந்த வாசலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நிற்காமல் என்னால் போக முடியாது.

என் மனசுக்கு மிக நெருக்கமான இடம் சல்தானா. ரஃபி அகமது கித்வாய் சாலையிலிருந்து பிரியும் நவாப் அப்துர் ரஹ்மான் தெருவில், வீடு மாதிரி இருக்கும். வீடேதான். 1930ல் கோவாவிலிருந்து வந்த தம்பதி ஆரம்பித்தது, தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் நடத்துகிறார்கள். தேங்காய் மாக்கரூன் கேளுங்கள். மேலே பொன்னிறமாக முறுகியிருக்கும், கடித்தால் உள்ளே தேங்காய் ஈரமாக இருக்கும். தூத்துக்குடி மக்ரூனை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது முந்திரி, வாயில் கரைவது. இது மெல்ல வேண்டியது. வால்நட் கேக்கும் சீஸ் ஸ்ட்ராவும் இரண்டாவது காரணங்கள். மாலைக்குள் பல தட்டுகள் காலியாகிவிடும்.

பௌபஜார் காவல் நிலையத்துக்குப் பின்னால் போ பேரக்ஸ் இருக்கிறது. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் குடியிருப்பு, பச்சை ஜன்னல்கள், இன்றும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்கிற தெரு. அந்த வட்டாரத்தில்தான் பருவாக்களின் பேக்கரி. பருவாக்கள் கிழக்கு வங்காளத்துச் சிட்டகாங்கிலிருந்து வந்த பௌத்தர்கள். 1892ல் தொடங்கிய அவர்களது பௌத்த சபையும் பக்கத்தில்தான். ஐரோப்பியர் வீட்டுச் சமையலறைகளில் பெயர் வாங்கிய சமூகம் அது, கேக்கும் அந்த வழியில் வந்த கைத்தொழில். இங்கே சானா கேக் வாங்குங்கள். திரிந்த பாலின் சானாவைச் சேர்த்துச் சுட்டது, ஈரமாக, லேசான புளிப்போடு இருக்கும். ஒரு பௌத்தர் கடையில், ஆங்கிலோ இந்தியத் தெருவில், வங்காளிகள் கிறிஸ்துமஸுக்கு முண்டியடித்து வாங்குகிற பண்டம் அது. அந்த வரிசையில் நிற்பதே எனக்கு சந்தோஷம்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி காத்திருக்கிறது. தால்தலா பக்கத்துச் சந்துகளில் உள்ள சின்ன ரொட்டிக்கடைகளுக்கு ஜனங்கள் மைதா, வெண்ணெய், முட்டை, உலர்பழம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். மேஸ்திரி அவர்கள் கண்ணெதிரில் பெரிய பேசினில் போட்டு முழங்கை வரை மாவாகக் கலக்குவார். தகரங்களில் ஊற்றி, யாருடையது என்று தெரிய ஒரு சீட்டை வைத்து, விறகடுப்புக்குள் தள்ளுவார். சுடும் கூலி மட்டும்தான். பாட்டிமார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்கள் வெண்ணெய் முழுவதும் தங்கள் மாவுக்குள் போகிறதா என்று கண்கொட்டாமல் காவல் இருப்பார்கள். நின்று பாருங்கள், படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரம்ஜான் மாதம் என்றால் நக்கோடா மசூதியை ஒட்டிய ஜக்காரியா தெரு. குங்குமப்பூவும் பாலும் சேர்ந்த ஷீர்மால், அடுக்கடுக்கான பாகர்கானி. நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பிறகு கூட்டம் நெரிசலாகிவிடும், அதனால் மாலை நான்கு மணிவாக்கில் போய்விடுங்கள்.

கையில் காசு குறைவா? டீக்கடை போதும். மண்குவளைத் தேநீரோடு கண்ணாடி ஜாடியிலிருந்து லேடோ பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பொறையின் பங்காளி, முக்கித் தின்றால்தான் பல் பிழைக்கும். பக்கத்திலேயே மெழுகுக் காகிதம் சுற்றிய பாபுஜி கேக் அடுக்கியிருக்கும். கொல்கத்தாவில் பள்ளிக்கூடம் படித்த எவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

மால்களுக்குள் இருக்கும் புதிய கஃபேக்களுக்குப் போகாதீர்கள். குளிர்பெட்டியில் விறைத்த சீஸ்கேக், வேறொன்றுமில்லை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்தப் பட்டியலில் அதிகம் தேறாது, கேட்டு வாங்குங்கள். அவர்களுக்குச் சந்தேஷ் இருக்கிறது.

போக்குவரத்து சுலபம். சென்னையிலிருந்து ஹவுரா மெயில் ஹவுராவுக்குப் போகும், கோரமண்டல் இப்போது ஷாலிமாரில் நின்றுவிடும், அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். ஹவுராவில் இறங்கினால் ஸ்டேஷனிலிருந்தே மெட்ரோ. 2024ல் திறந்த பாதை, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடி எஸ்பிளனேடில் கொண்டுவிடும். அங்கிருந்து நியூ மார்க்கெட் நடைதூரம். போ பேரக்ஸுக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன், ஃப்ளூரிஸுக்குப் பார்க் தெரு ஸ்டேஷன். டாக்ஸி ஏறினால் விலையைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

ஊருக்கு வாங்கி வருவதானால் பிளம் கேக்கும் மாக்கரூனும் மட்டும்தான் பயணம் தாங்கும். லெமன் டார்ட்டை அங்கேயே தின்றுவிடுங்கள். கேக்கை வெட்டாமல் முழுசாக வாங்கி, பெட்டியோடு ஒரு பருத்தித் துண்டில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். கீழ்ப் பெர்த்துக்கு அடியில் தள்ளினால் அடுத்தவர் டிரங்குப் பெட்டியின் கீழ் நசுங்கும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாள் தொடாமல் வைத்துப் பிறகு வெட்டுங்கள். பழத்தின் ஈரம் மாவுக்குள் இறங்கி, வாங்கிய அன்றைவிட நன்றாக இருக்கும்.