தூக்கம் வரவில்லை என்று சொன்னால்

அன்புள்ள தேன்மொழிக்கு,

ஓ.எஸ்.டி. (ஓபியாய்டு போதைக்கு மாற்று மருந்து கொடுக்கும்) மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்திருப்பதாக அக்கா சொன்னாள். சந்தோஷம். "ஏ.ஆர்.டி.யிலும் (எச்.ஐ.வி. சிகிச்சை) மருந்து எடுக்கிறவர்கள் வந்து தூக்க மாத்திரை கேட்டு நச்சரிக்கிறார்கள் சித்தி, எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருந்தாய். சமாளிக்காதே, விசாரி. போதையை விட்டவர் மாத்திரை கேட்டாலே அது பழைய புத்திதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் நாள்கணக்கில் தூங்காதவர்தான் மறுபடி ஊசியைத் தேடிப் போவார்.

முதலில் மருந்து கொடுக்கும் மேசையைக் கவனி. புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள் அல்லவா? அது அங்கேயே கரைந்து ரத்தத்தில் சேர வேண்டும். வேலைக்கு நேரமாகிறதென்று எச்சிலோடு விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். வயிற்றுக்குள் போனது உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம் ராத்திரி உடம்பு முறுக்கும், மூக்கில் நீர் வழியும், கொட்டாவி வரும், கால் நிலைகொள்ளாது. அது தூக்கமின்மை இல்லை, மருந்து போதாமல் வரும் தவிப்பு. அவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதில் அர்த்தமே இல்லை. மாத்திரை கரையும்வரை விழுங்காமல் உட்கார வைக்க வேண்டும். அளவு போதவில்லையென்றால் டாக்டர் கூட்டுவார்.

புப்ரெனார்ஃபினுக்குப் பதில் மெத்தடோன் குடிப்பவராக இருந்தால் இன்னொரு சிக்கல். ஏ.ஆர்.டி. மருந்துகளான எஃபாவிரென்ஸ், நெவிராபின் இரண்டும் கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இன்னும் மோசம்; அது புப்ரெனார்ஃபினையும் விட்டுவைக்காது. எனவே "எப்போதிலிருந்து தூக்கம் போச்சு?" என்று கேட்ட கையோடு, "அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் புது மருந்து ஏதாவது ஆரம்பித்தார்களா?" என்றும் கேள். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தெளிந்துவிடும். ஒன்று மறக்காதே: காசநோய் மருந்து முடிந்ததும் மெத்தடோன் அளவு ரத்தத்தில் மறுபடி ஏறும். கூட்டியதைக் குறைக்காவிட்டால் மூச்சுக்கே ஆபத்து.

எஃபாவிரென்ஸ் கெட்ட கனவுகளுக்குப் பேர்போனது. இப்போது பெரும்பாலும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரைதான். அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். இரவில் போடுகிறவரைக் காலைக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். நிறுத்தச் சொல்லி நீயாக வாய் திறந்துவிடாதே.

இன்னொரு வகை: படுத்ததும் தூங்கிவிடுவார், ஆனால் பகலெல்லாம் சொக்குவார். வீட்டில் கூடப் படுப்பவரைக் கேள். "மூச்சு நின்று நின்று வருது" என்பார்கள். 2005இல் ஆஸ்திரேலியாவில் மெத்தடோன் எடுக்கும் 50 பேரைச் சோதித்ததில் 30 சதவீதம் பேருக்கு, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே விட்டுவிட்டு வருவது தெரிந்தது. இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை விஷம்.

தூக்க மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அல்பிரசோலம், நைட்ராசெபாம் வகையறா, மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் கறுப்புக் கட்டம் போட்டே எச்சரித்தது. அதே அமைப்பு மறு வருஷம் சொன்னதைப் பலர் படிப்பதில்லை: அந்த மாத்திரை எடுக்கிறார் என்பதற்காகப் போதை மீட்பு மருந்தை மறுக்காதீர்கள், மறுப்பது அதைவிட ஆபத்து. ஆகவே கடையில் வாங்கிப் போடுவதை ஒருவர் உன்னிடம் ஒத்துக்கொண்டால் விரட்டாதே. சரி, போதை தராத டிராசோடோன் கொடுத்தால்? மெத்தடோன் எடுக்கும் 137 பேரிடம் அதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது பெரிதாக உதவவில்லை.

உதவுவது பழக்கத்தை மாற்றும் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதுதான் முதல் வழி என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016லேயே சொல்லியிருக்கிறது. இது உன் வேலை, டாக்டருடையது அல்ல. பாடப் புத்தகம் 'படுக்கையறை' என்று ஆரம்பிக்கும். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அதற்கு எங்கே போவது? பாயை வைத்துப் பேசு. தூக்கம் வந்தால்தான் பாயை விரிக்க வேண்டும். இருபது நிமிடம் புரண்டும் வரவில்லையா, எழுந்து வாசலில் உட்காரட்டும், பீடியும் போனும் இல்லாமல். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். பகலில் படுக்கக் கூடாது. நாலு மணிக்குமேல் டீ வேண்டாம். முதல் வாரம் உன்னைத் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அழுகிறவர், உயிரை விடப் பேசுகிறவர் வந்தால் பாய்ப் பாடமெல்லாம் அப்புறம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ.

ஏ.ஆர்.டி. சீட்டு ஒரு இடத்தில், ஓ.எஸ்.டி. சீட்டு ஒரு இடத்தில், காசநோய்ச் சீட்டு இன்னொரு இடத்தில் என்றுதான் இவர்கள் அலைகிறார்கள். நாளையிலிருந்து எல்லா மருந்தின் பெயரையும், ஆரம்பித்த தேதியோடு, ஒரே அட்டையில் எழுதிக் கொடு. மூன்று டாக்டர்களும் அதைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
சித்தி