நஷ்டம் கூறும் ஆங்கிலச் சொற்கள்

சிறுவந்தாட்டுப் பட்டுச் சேலைச் சிப்பம் ஒன்றும், திண்டிவனத்து மணிலாக்கொட்டை முப்பது மூட்டையும் விழுப்புரம் சந்திப்பு வழியாக ரயிலில் செல்வதாகக் கொள்வோம். சிப்பம் மழைநீரில் நனைந்து போய்ச் சேருகிறது. மூட்டைகளில் இரண்டைக் காணோம். நஷ்டஈடு கோரி ஆங்கிலத்தில் மனு எழுத அமரும் அங்கத்தினர் எந்தச் சொல்லை இடுவது?

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 93ஆவது பிரிவு ஐந்து சொற்களை அடுக்குகிறது: லாஸ், டிஸ்ட்ரக்‌ஷன், டேமேஜ், டிட்டீரியரேஷன், நான்-டெலிவரி. அகராதியைப் புரட்டினால் நஷ்டம், அழிவு, சேதம், கேடு என்று ஒன்றுக்கொன்று மாறி மாறி வரும். அதை நம்பி எழுதலாகாது.

சரக்கு தீயில் வெந்து சாம்பலானால் அது டிஸ்ட்ரக்‌ஷன். சரக்கு இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வந்த நீரோ அடியோ அதைக் கெடுத்தது என்றால் டேமேஜ். வழியில் நாட்கணக்கில் தங்கிப் பருப்பில் பூஞ்சணம் படர்ந்து தரம் தாழ்ந்தால் டிட்டீரியரேஷன். காணாமற்போன இரு மூட்டைக்கு லாஸ் என்று எழுதத் தோன்றும். அவை உண்மையில் தொலைந்தனவா, வேறு நிலையத்தில் கிடக்கின்றனவா என்பதை நாம் அறியோம். நம் கைக்கு வரவில்லை என்பதே நாம் அறிந்தது. ஆகவே நான்-டெலிவரி என்பதே பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய சொல் டிஃபெக்ட். நனைந்து சாயம் ஊறிய சேலையை நெசவாளர் பலர் டிஃபெக்ட் என்றே சொல்லிவிடுகின்றனர். டிஃபெக்ட் என்பது தறியிலேயே பிறந்த குறை: பாவிழை அறுந்தது, ஊடை தவறியது போன்றவை. டேமேஜ் என்பது தறியை விட்டு இறங்கிய பின் நேர்ந்தது. மேற்சொன்ன பிரிவே, சரக்கின் உள்ளார்ந்த அல்லது மறைந்திருந்த டிஃபெக்டினால் விளைந்த நஷ்டத்தைப் பொறுப்பிலிருந்து விலக்குகிறது. நனைந்த சேலைக்கு அச்சொல்லை எழுதுபவர், குற்றம் தம் தறியினுடையதே என்று தாமே கையொப்பமிட்டுக் கொடுத்தவராவார்!

அதே வாசகத்தில் வைஸ் என்றொரு சொல்லும் வருகிறது. தீயொழுக்கம் என்கிறது அகராதி. மணிலாக்கொட்டைக்கு ஏது தீயொழுக்கம்? சரக்கின் இயற்கையான பலவீனம் என்பதே அங்கே பொருள். வேஸ்டேஜ் என்பதும் அவ்விலக்கில் சேர்ந்ததே. ஈரம் உலர்ந்து எடை குறைவதைக் குறிக்கும். கிழிந்த சாக்கிலிருந்து கொட்டிப்போனதற்கு அதை எழுதற்க. சாக்கு கிழிந்திருந்ததையும் குறைந்த எடையையும் வெளிப்படையாகச் சொல்லி ஷார்ட்டேஜ் என எழுதுக.

சிப்பம் சேதமுற்று வந்தால் ஓப்பன் டெலிவரி, அதாவது அலுவலர் முன்னிலையில் பிரித்துப் பார்த்துப் பெறுதல், கேட்க உரிமையுண்டு. 81ஆவது பிரிவு அதைத் தருகிறது. அப்போது எழுதப்படும் குறிப்பில் எந்தச் சொல் இடப்படுகிறது என்று படித்துப் பார்த்த பின்பே கையொப்பமிடுக. நஷ்டஈட்டு அறிவிப்பைச் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் கொடுத்தாக வேண்டும். லாரியில் அனுப்பியிருந்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்கள்.