சுமையும் சொல்லும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு தொழில் வளரும்போது அதற்குரிய சொற்களும் வளர்கின்றன. பண்டங்களை ஏற்றவும் இறக்கவும் அடுக்கவும் வழங்கும் சொற்கள் பொருள்களை மட்டும் குறிப்பதில்லை. பணியாளரின் உயிரையும் காக்கின்றன. கிடங்குத் தொழிலின் கலைச்சொற்கள் சிலவற்றை அவற்றின் பொருளுணர்ந்து அறிவோம்.

சுமைதாங்கி கற்பிக்கும் பாடம்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றவும் இறக்கவும் குவிக்கப்பட்ட பண்டங்களில் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அக்காலம் முதல் நெடுங்காலம் சுமையைத் தாங்கியவை மனிதரின் தலையும் தோளுமே.

சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நட்ட இரு கற்களின்மீது ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நாட்டுவது முன்னாளில் வழக்கமாக இருந்தது. தரையில் இறக்கிய சுமையை மீண்டும் தூக்கப் பிறர் துணை வேண்டும். தோளுயரத்தில் வைத்த சுமையைத் தாமே நகர்த்திக் கொள்ளலாம். லாரியின் தளத்திற்கு ஒத்த உயரத்தில் இன்றைய கிடங்குகளில் கட்டப்படும் ஏற்றுமேடையும் இக்கருத்தின்படியே அமைந்துள்ளது.

பயணம் செய்த சொல்

பண்டங்களைச் சேமிக்கும் இடம் கிடங்கு. பழந்தமிழில் இச்சொல் அகழியையும் குறித்தது. ‘குடோன்’ என நாம் வழங்கும் சொல் மலாய் மொழியின் ‘குடாங்’ வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது என்றும், அதன் வேர் தமிழ், தெலுங்கு மொழிகளில் உள்ளது என்றும் அறிஞர் பலர் கருதுவர். சரக்குகளோடு சொற்களும் கடல் கடந்தன என்பதற்கு இது சான்றாகும்.

கவைத்தூக்கி

மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்றும் கவடு என்றும் கூறுவர். சிறுவர் கல்லெறியும் கவட்டையும் அவ்வடிவினதே. கவைபோல் நீண்ட இரு இரும்புக் கரங்களால் சுமையைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டைக் கவைத்தூக்கி எனலாம். இதன் முன்னோடிகளுள் ஒன்றான சரக்கு வண்டியை, அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் 1917ஆம் ஆண்டு உருவாக்கியது. கரங்கள் நுழைய இடைவெளிவிட்டு அமைக்கப்படும் ‘பேலட்’ பலகைத்தட்டு எனப்படும்.

கவைத்தூக்கி ஏற்றப்பலகை போன்றது. முன்சக்கர அச்சு அதன் ஆதாரம்; முன்புறம் சுமை; பின்புறம் அதனை ஈடுசெய்யும் எதிர்எடை. கரங்களின் அடிப்புறத்திலிருந்து சுமையின் ஈர்ப்பு மையம் வரையுள்ள தொலைவே சுமைமையத் தொலைவு. தொழிலாளர் இதனை ‘லோடு சென்டர்’ என்பர்.

ஒரு வண்டியின் கொள்திறன் தகட்டில் ‘2,000 கிலோ, 500 மில்லிமீட்டர்’ என எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். முன்அச்சுக்கும் கரங்களின் அடிப்புறத்திற்கும் இடையே 400 மில்லிமீட்டர் எனில், அச்சிலிருந்து சுமையின் மையம் 900 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். 1,600 மில்லிமீட்டர் நீளமுள்ள, எடை சீராகப் பரவிய பெட்டியை அவ்வண்டி நீளவாக்கில் ஏற்றினால் மையம் 800 மில்லிமீட்டருக்கு நகரும். அச்சிலிருந்து 1,200 மில்லிமீட்டர் ஆகும். இக்கணக்கின்படி 1,500 கிலோவுக்குமேல் ஏற்றலாகாது. முதல் எண்ணை மட்டும் படித்து இரண்டாம் எண்ணின் பொருளை அறியாதவர், இரண்டு டன் ஏற்றலாம் என்றே நம்புவார். வண்டி கவிழ்வதற்கு அந்த அறியாமை போதும்.

இவ்வண்டி பின்சக்கரங்களால் திரும்புகிறது. எனவே திரும்பும்போது அதன் பின்பகுதி வெளிப்புறமாக வீசும். ‘பின்வீச்சு’ என்னும் சொல்லை உணர்ந்தவர் வண்டியின் பின்னே நிற்கமாட்டார்.

எச்சொல் நற்சொல்?

கலைச்சொல் பொருளின் செயலை விளக்க வேண்டும். பயன்படுத்துவோர் நாவிலும் நிற்க வேண்டும். சுமைமையம் என்னும் சொல் பொருளை உடனே உணர்த்துகிறது. எனினும், ஆபத்து நேரத்தில் எழுப்பும் குரலில் அனைவருக்கும் பழகிய சொல்லே இருத்தல் வேண்டும். ஆகவே, தகட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ச்சொல்லும் வழக்குச்சொல்லும் அருகருகே இடம்பெறுவதும், பிறமொழித் தொழிலாளர்க்காகப் படக்குறிகள் உடனிருப்பதும் முறையாகும். அன்று சுமைதாங்கி நாட்டியவர் வழிப்போக்கரின் சுமையைக் குறைத்தனர். இன்று நற்சொல் ஆக்குவோர் உழைப்பவரின் இடரைக் குறைக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

வயதுவந்த ஆண் தொழிலாளர் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள சந்தை அல்லது நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைப்பணியாளர் வழங்கும் சொற்களைத் தொகுக்க.

2. கொள்திறன் தகட்டிலுள்ள இரண்டு எண்களையும் அறிவது ஏன் இன்றியமையாதது? விளக்குக.

3. ‘கவை’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த சொற்களை அகராதியில் கண்டு எழுதுக.