கம்பெனி விதியும் கட்டட அனுமதியும்

கேள்வி: நானும் மச்சானும் சரிபாதிப் பங்கில் கட்டுமானத் தொழிலை பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருக்கிறோம். இனி பிளான் அப்ரூவல் சுலபமாகுமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆகாது. கம்பெனி என்பது உங்களுக்குள் நீங்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு. அனுமதியோ மனைக்கும் வரைபடத்துக்கும் தரப்படுவது. 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தனிநபர், கம்பெனி எல்லாருக்கும் பொது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு என்றால், 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

எனக்குக் கவலை உங்கள் கம்பெனி விதிகள் பற்றித்தான். ஆடிட்டர் தந்த மாதிரியில் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கம்பெனிகள் சட்டத்தின் ‘டேபிள் எஃப்’ மாதிரிப்படி, போர்டில் ஓட்டு சமமானால் சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. இருவர் மட்டுமே இயக்குநர்கள் என்றால், சேர்மன் நாற்காலியில் இருப்பவர் சொல்வதே முடிவு! பிறகு திருத்த நினைத்தால் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மச்சான் சம்மதிக்காமல் நடக்காது. உறவு நன்றாயிருக்கும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அனுமதி விண்ணப்பத்தில் யார் கையெழுத்திடுவது என்றும் போர்டு தீர்மானம் போட்டுவிடுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டுக்கு மேல் வீடுகள் கட்டி விற்பதானால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது.