பிரான்மலைக்குச் சைக்கிளில் போகிறீர்களா?

காரைக்குடிப் பக்கம் மிதித்துப்போய் ஏறிப் பார்க்க நிஜமான மலை வேண்டுமென்றால் பிரான்மலைதான். பாரி ஆண்ட பறம்பு. உயரம் ஏறத்தாழ 2,500 அடி. குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போக மட்டுமே 50 கி.மீ. பக்கம் வரும்.

ஏற்றத்தைவிடப் பயப்பட வேண்டியது சீமைக் கருவேல முள்ளுக்கு. கண்மாய்க்கரை மண்பாதையில் இறங்கினால் சக்கரத்தைப் பதம் பார்க்காமல் விடாது. மாற்று டியூப், டயர் லீவர், கைப்பம்பு மூன்றும் பையில் இருக்கட்டும். பஞ்சரானால் உடனே புது டியூபைத் திணிக்காதீர்கள். டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கேதான் ஒடிந்த முள்நுனி ஒளிந்திருக்கும். அதைப் பிடுங்காமல் மாட்டினால் புது டியூபும் போச்சு. விரலால் தடவ வேண்டாம், கிழித்துவிடும்.

விடியுமுன் கிளம்புங்கள், முன்னும் பின்னும் விளக்கு அவசியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோது. பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வீரம் வேண்டாம். மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட நீர்மோர்.

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். சைக்கிளைப் பூட்டிவிட்டு அங்கிருந்து நடைதான். வழுக்குப் பாறை என்பதால் பெடலில் மாட்டும் ஷூ உதவாது. அடிப்பாகம் பிடிமானமுள்ள சாதாரண ஷூ போதும். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள். உச்சியில் தர்கா இருக்கிறது, அரைக்கால் டிரவுசரோடு நுழையாமல் ஒரு வேட்டியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கால் ஒத்துழைக்காவிட்டால், சிங்கம்புணரியில் ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியைப் பேசி, சைக்கிளோடு ஏறிவிடுங்கள்.